காக்கிச் சட்டையும் நம் பிள்ளைகளும்

(வலிகாமத்து ஊரொன்றின் வாசிகசாலை முன்றலில், கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

பொலிசைப் பற்றிப் பேசுதல் நம் மேடைகளில் எளிதான காரியம். 1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அறவழியில் அமர்ந்திருந்தோர் மீது விழுந்த குண்டாந்தடிகளைச் சொல்லலாம். 1974 சனவரி 10 இரவு, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்தினுள் பொலிசார் புகுந்தமையையும் அங்கு உயிர்கள் பலியானமையையும் சொல்லலாம். 1981 இல் தேர்தற் கடமைக்கென வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிசார் யாழ் நகரில் நின்ற அந்த இரவிலே, ஏறத்தாழ 97,000 நூல்கள் நூலகத்தோடு சாம்பரானமையைச் சொல்லலாம். சொல்லிவிட்டுக் கைதட்டலைப் பெற்றுக்கொண்டு இறங்கிவிடலாம். அவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. ஒன்றையேனும் நாம் மறந்தோமல்லோம்.

எனினும் இத்தனை ஆண்டுகளாக இவற்றைச் சொல்லிவந்த நாம், ஒரு கேள்வியை மாத்திரம் கேளாது விட்டுவிட்டோம். அந்தக் காக்கிச் சட்டைக்குள்ளே இருக்கும் மனிதன் யார்? அவன் எங்கிருந்து எடுக்கப்படுகிறான், எவ்வாறு வைக்கப்படுகிறான்? நம் வீட்டுப் பிள்ளை அச்சட்டையை அணியலாமா? இன்று இதனையே பேச விரும்புகிறோம். இதில் அரசாங்கத்துக்குக் கசப்பான சொற்களும் உண்டு. நமக்குக் கசப்பான சொற்களும் உண்டு.

எமக்கு நன்கு தெரிந்த கமக்காரர் ஒருவர் வெங்காயச் செய்கை செய்து பிழைப்பவர். ஒருநாட் காலை தோட்டத்துக்குப் போனபோது கொட்டிலின் பூட்டு உடைந்து கிடந்தது. நீரிறைக்கும் இயந்திரத்தைக் காணோம். உடனே பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். எந்த நிலையம் என்பது இங்கு வேண்டியதில்லை. மேசையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஒரேயொரு உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். நாளைக்கு வா என்று கையாற் காட்டினார்கள். மறுநாள் அந்தத் தமிழர் வேறு விசாரணைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாளும் அவர் இல்லாதுபோகவே, மேசையிலிருந்தவர் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். நம்மவர் பூட்டு உடைந்ததைக் கையாற் காட்டினார். இயந்திரம் ஓடும் ஒலியை வாயால் எழுப்பிக் காட்டினார். எழுதியதை நீட்டினார்கள், கையொப்பமிட்டு வந்தார்.

சில மாதங்களின் பின் அதே இயந்திரம் பக்கத்து ஊரிலே பழைய இரும்பு வாங்குமிடத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. சட்டத்தரணி முறைப்பாட்டின் பிரதியை எடுத்துப் படிப்பித்துப் பார்த்தால், “இயந்திரம் காணாமற் போயிற்று” என்று மாத்திரமே இருந்தது. பூட்டை உடைத்துக் களவெடுத்தனர் என்ற சொல்லே இல்லை. எதிர்த்தரப்பார் அதனைப் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரம் திரும்பிவர ஒன்றரை வருடம் சென்றது. அதற்குள் ஒரு போகம் போயிற்று, கடன் வந்தது.

இக்கதையை எம்மிடம் சொன்ன அவர் இறுதியில் ஒன்று சொன்னார்: “அந்தப் பொலிஸ்காரன் பொல்லாதவனில்லை, ஐயா. மூன்று நாளும் அதே கதிரையிலேதான் இருந்தான். மூன்றாம் நாள் எனக்குத் தேத்தண்ணியும் தந்தான். நித்திரை இல்லாத முகம்.” மண்ணைப் பார்த்து ஈரத்தை அறியும் கமக்காரனின் கண் அது. நம் அரசியல்வாதிகள் காணாததை அவர் கண்டுவிட்டார்.

இது எப்படி வந்ததென்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஆங்கிலேயன் தன் சொந்த நாட்டுக்கு ஒருவகைப் பொலிசையும் அடிமை நாட்டுக்கு வேறொருவகைப் பொலிசையும் வைத்திருந்தான். இலண்டனிலே 1829 இல் சேர் றொபட் பீல் அமைத்த பொலிஸ், துவக்கில்லாமல் தெருவில் நடந்து திரிந்து மக்களோடு பழகவேண்டிய பொலிஸ். அயர்லாந்திலே அமைக்கப்பட்டதோ துவக்குத் தாங்கிய பொலிஸ். பாசறை போன்ற விடுதிகளில் மக்களுக்குப் புறம்பாக வாழ்ந்த பொலிஸ். றோயல் ஐரிஷ் கொன்ஸ்டபுலரி என்ற அந்தப் படையிலே ஒரு விதி இருந்தது: எந்தக் கொன்ஸ்டபிளும் தான் பிறந்த மாவட்டத்தில் கடமை செய்யலாகாது, மனைவியின் உறவினர் வாழும் மாவட்டத்திலும் ஆகாது. ஊரவரோடு ஒட்டாதவனே ஊரவரை அடக்குவான் என்பது அதன் உட்பொருள்.

குடியேற்ற நாடுகளின் பொலிசுக்கெல்லாம் அயர்லாந்தே மாதிரியாயிற்று. இலங்கையில் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்டெம்பர் 3 இல் பம்பாய் மாகாணத்துப் பொலிசிலிருந்து வந்த வில்லியம் றொபட் கம்பெல் தலைமைப் பதவியை ஏற்றார். 1907 முதல் குடியேற்ற நாட்டுப் பொலிஸ் அதிகாரிகள் டப்ளின் நகரத்துக்கே பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். 1913 முதல் 1937 வரை பொலிஸ்மா அதிபராயிருந்த சேர் ஹேபட் டவ்பிகின் காலத்தில் இக்கட்டுக்கோப்பு நாடெங்கும் வேரூன்றியது. 1865 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அரசர் போனார், தேசாதிபதி போனார், மகாதேசாதிபதி போனார். அந்தச் சட்டம் மாத்திரம் போகவில்லை.

நம் கிராமங்களில் அந்நாளிலே ‘பொலிஸ் விதானை’ இருந்தார். வேலிச் சண்டை, மாட்டுக் களவு, நீர்ப்பங்குத் தகராறு எல்லாம் முதலில் அவரிடமே போயின. அவர் எந்நாளும் நீதிமானாயிருந்தார் என்று சொல்லோம். சாதிச் செருக்கும் கைநீளமும் உடைய விதானைமாரை இங்குள்ள முதியோர் அறிவர். ஆயினும் முறைப்பாடு செய்தவனின் பேச்சு அவருக்கு விளங்கியது. 1963 இல் அந்தத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டது. ஒழிந்த இடத்தில் ஊரறியாத பொலிஸ் நிலையம் வந்து குந்திக்கொண்டது.

1947 இல் சேர் றிச்சட் அலுவிகார முதலாவது இலங்கையராய்ப் பொலிஸ்மா அதிபரானபோது, இனி இது படையன்று, சேவை என்று பலரும் நம்பினார்கள். அந்நாளிற் பொலிசில் தமிழரும் பறங்கியரும் மலாயரும் தாராளமாக இருந்தனர். பின்னர் நடந்தவை நீங்கள் அறிந்தவை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத்தில் தேறாதவனுக்குப் பதவியுயர்வு அடைபட்டது. 1962 சனவரியில் படை அதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் சிலர் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்க எடுத்த முயற்சி பிடிபட்டபின், சிறுபான்மையினரான அதிகாரிகளை ஐயக்கண்ணோடு பார்க்கும் வழக்கம் தடித்தது. 1982 முதல் 1985 வரை உருத்திரா இராசசிங்கம் என்ற தமிழர் பொலிஸ்மா அதிபராக இருந்தார். 1983 ஆடிக் கலவரத்தின்போது பொலிசின் தலைவர் தமிழரே! ஒரு தலையை மாற்றுவதால் உடல் மாறாது என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இனி அந்த நித்திரையில்லாத முகத்துக்கு வருவோம்.

கொன்ஸ்டபிள் ஒருவனின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். அநுராதபுரத்திலோ மொனராகலையிலோ ஒரு வயற்காரனின் மகன். வீட்டிலே மனைவியும் சிறு குழந்தையும். அவனை வடக்கே அனுப்புகிறார்கள். நிலையத்தின் பின்புறத்தில் ஒரு கட்டில், ஒரு பெட்டி. பகற்கடமை இராக்கடமையாக நீளும். தேர்தல் வந்தால் விடுமுறை இல்லை. திருவிழா வந்தால் இல்லை. அமைச்சர் வந்தால் இல்லை. ஆர்ப்பாட்டம் வந்தால் அறவே இல்லை. நாடு முழுவதும் புத்தாண்டு கொண்டாடும் நாளிலே அவன் சந்தியில் நிற்பான். ஊருக்குப் போக பஸ்ஸில் ஒருநாள், திரும்ப ஒருநாள். கிடைத்த நான்கு நாள் லீவில் இரண்டு வழியிலே போய்விடும். அந்த லீவும் உரிமையாகக் கிடைப்பதன்று, பொறுப்பதிகாரியின் மனம்போலக் கிடைப்பது. மேலதிகாரி ஏசினால் எதிர்த்துப் பேசலாகாது. அவரையோ அரசியல்வாதி ஏசியிருப்பான். மேலிருந்து கீழே உருண்டுவரும் அந்த ஏச்சு கடைசியில் யார் தலையில் விழும்? மேசைக்கு முன்னால் நிற்கும் நம் கமக்காரன் தலையில்.

இதனை நாம் கற்பனையாய்ச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவு. அம்பாறை மாவட்டத்திலே தமிழ் ஊராகிய திருக்கோவிலின் பொலிஸ் நிலையத்தில், சார்ஜன்ட் ஒருவர் துவக்கை எடுத்துத் தம்முடன் வேலைசெய்தவர்களையே சுட்டார். நால்வர் மாண்டனர், பொறுப்பதிகாரி உட்பட வேறு சிலர் காயமுற்றனர். சுட்டவர் ஆயுதத்தோடு வாகனத்திற் சென்று வேறொரு பொலிஸ் நிலையத்திற் சரணடைந்தார். கேட்ட லீவு மறுக்கப்பட்டமையே காரணமென்று அந்நாட் செய்திகள் கூறின. சில நாள் பத்திரிகைகள் எழுதின, பின் மறந்தன. நாமும் மறந்தோம். “பொலிஸ்காரன் பொலிஸ்காரனைச் சுட்டான், நமக்கென்ன” என்று இருந்தோம். அன்றிரவு அந்த நிலையத்துக்குத் தன் மாடு களவுபோனதைச் சொல்ல ஒரு திருக்கோவில் விவசாயி போயிருந்தால்? லீவு கேட்டு மறுக்கப்பட்டுத் துவக்கோடு உட்கார்ந்திருக்கும் மனிதனிடந்தானே நாம் நீதி கேட்டுப் போகிறோம்!

இவ்வாறு சொல்வதால் அடிப்பவனுக்காக நாம் வழக்குப் பேசுவதாக எண்ணவேண்டாம். களைப்பு வேறு, கொடுமை வேறு. கொடுமைக்கு வேறொரு வேரும் உண்டு. சட்டத்தரணிகள் அதனை அறிவார்கள், கமக்காரரும் அறிதல் நன்று. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கிற் செல்லாது என்று 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு கூறுகின்றது. அப்படியானால் ஏன் அடிக்கிறார்கள்? அதே சட்டத்தின் 27 ஆம் பிரிவு, காவலில் உள்ளவன் சொன்ன சொல்லைக்கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய சொல்லை மாத்திரம் சாட்சியமாக ஏற்கிறது. களவுபோன சைக்கிள் எங்கே என்று சொல்லும்வரை அடிப்பதற்கு அந்த வாசல் போதும். விரலடையாளமும் தடயமும் தேடி ஒரு மாதம் அலைவதற்கு ஆளும் இல்லை, வாகனமும் இல்லை, பயிற்சியும் இல்லை. மேலிடத்திலிருந்தோ “வழக்கு என்னாயிற்று” என்ற கேள்வி நாள்தோறும் வருகிறது. கை ஓங்குகிறது. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலையே ஏற்கும்படி செய்து, 25 ஆம் பிரிவின் காப்பையும் நம் பிள்ளைகளிடமிருந்து பறித்தது.

அடிபடுபவன் தமிழன் மாத்திரம் என்றும் எண்ணற்க. மிரிகானைப் பொலிசாரிடம் வதைபட்ட சிங்களவர் ஒருவர் போட்ட வழக்கிலே, உயர்நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவரது அடிப்படை உரிமையை மீறியவர்களுள் ஒருவரென அத்தீர்ப்பிற் காணப்பட்டவர் அவ்வேளை பதில் பொலிஸ்மா அதிபர்! தீர்ப்பின் பின்னும் 2024 பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக்கினார்கள். யூலையில் உயர்நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதைத் தடுத்தது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் பதவி நீக்கியது. நீக்கியது நன்றே. ஆனால் அவரை அந்தக் கதிரைவரை ஏற்றிவிட்ட ஏணி எது? ‘அடித்தாலும் நம்மவன்’ என்று ஒருவனையொருவன் மறைக்கும் காக்கிச் சட்டையின் ஒற்றுமையே அந்த ஏணி.

நம் பக்கத்துத் துயரங்கள் இதனோடு ஒட்டியவையே. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே இரு பல்கலைக்கழக மாணவர் உயிரிழந்தனர். முதலில் வீதி விபத்து என்றார்கள். பின்னரே பொலிசாரின் துவக்குச் சூடு என்பது வெளிப்பட்டது. சூட்டைவிட அந்த ‘முதலில் வீதி விபத்து’ என்ற பேச்சே எம்மை நடுக்குகிறது.

இப்போது நமக்குக் கசப்பான பகுதி.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தான் வாக்கு. எழுதுவினைஞர் வேலைக்கு நூறு பேர், ஆசிரியர் வேலைக்கு ஆயிரம் பேர். பொலிசுக்கு வர்த்தமானியில் விளம்பரம் வந்தால் மாத்திரம் ஊர் ஊமையாகிவிடும். காரணம் இல்லாமலில்லை. பொலிசிற் சேர்ந்த தமிழன் துரோகி எனப்பட்ட காலமொன்று இருந்தது; 1970களின் பிற்பகுதி தொடங்கித் தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தர் சிலர் தமிழ் இளைஞராலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 யூனில் கிழக்கிலே சரணடைந்த 600க்கு மேற்பட்ட பொலிசார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. அதனை நம் மேடைகளிற் சொல்லுவார் இல்லை, ஆதலால் நாம் சொல்லுகிறோம். இவ்வளவும் நடந்தபின் எந்தத் தாய் தன் மகனைத் துணிந்து அனுப்புவாள்?

2009 இற் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழரைப் பொலிசிற் சேர்க்கத் தொடங்கினார்கள். 2025 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்த சனாதிபதியும், தமிழ் இளைஞர் பொலிசிற் சேரவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவனை எமக்குத் தெரியும். நல்ல குடும்பத்துப் பிள்ளை. எம்மைக் காண வரும்போது இருட்டியபின்பே வருவான். சாரமும் சேட்டுமாய் வருவான். அவனுடைய தாய் அயலவர் கேட்டால், “வெளியூரிலே அரசாங்க வேலை” என்றே சொல்லுவாள். அவனுக்குப் பேசிவந்த கலியாணம் இரண்டு முறை குழம்பிற்று.

ஒருநாள் அவன் சொன்னான்: “ஐயா, எங்கள் ஸ்டேஷனிலே தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். வருகிற தமிழ் முறைப்பாடெல்லாம் என் தலையிலே. நான் லீவிலே போனால் வேலை நின்றுவிடும் என்று லீவு தருகிறார்களில்லை. அங்கே நான் தமிழன் என்று ஒதுக்குகிறார்கள். இங்கே நான் பொலிஸ் என்று ஒதுக்குகிறார்கள்.” அவன் சொல்லிக்கொண்டே கைவிரல்களை நெட்டி முறித்தான். வலது கையின் நடுவிரலிலே பேனை பிடித்துத் தழும்பேறியிருந்தது. பொலிஸ்காரன் கையிலே துவக்குத் தழும்பு இருக்குமென்று எண்ணியிருந்தோம். இவன் கையிலே இருந்தது எழுதுவினைஞனின் தழும்பு. எங்கள் கமக்காரர் மூன்று நாளும் காணாது திரும்பிய அந்த ‘ஒரேயொரு தமிழர்’ இத்தகைய ஒருவராகத்தானே இருந்திருக்கவேண்டும்?

ஆகவே, “தமிழரைப் பொலிசிற் சேருங்கள்” என்று அரசாங்கத்தைக் கேட்பதோ, “சேர்கிறோம்” என்று நாம் சொல்வதோ மாத்திரம் போதாது. கொன்ஸ்டபிளாகச் சிலரை எடுத்து மொழிபெயர்க்கும் கருவியாக மூலையில் வைத்திருப்பது நியமனமன்று. உப பரிசோதகராகவும் உதவி அத்தியட்சகராகவும் நம்மவர் வரவேண்டும். நிலையத்தின் பொறுப்பு அவர்கள் கைக்கு வரவேண்டும். தமிழ் தெரிந்தவர் ஒருவரன்று, ஒரு நிலையத்திற் பலர் வேண்டும். அப்போதே அந்தப் பிள்ளைக்கும் லீவு கிடைக்கும். தமிழனாய்ப் பிறந்ததால் மாத்திரம் ஒருவன் நல்ல பொலிஸ் ஆகிவிடமாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். விதானைமாரை நினையுங்கள்.

அயர்லாந்தை முன்னர் சொன்னோம். அந்தக் கதையின் பிற்பகுதி நமக்கு நல்ல பாடம். அந்நாடு பிரிந்தபின் 1922 இல், வடபகுதியிலே பழைய பொலிசின் வாரிசாக றோயல் அல்ஸ்ரர் கொன்ஸ்டபுலரி எழுந்தது. அங்கே கத்தோலிக்கர் சிறுபான்மையினர். பொலிசோ ஏறக்குறைய முழுவதும் புரட்டஸ்தாந்தர். 1960களின் இறுதியில் மூண்ட பூசல் முப்பது ஆண்டு நீடித்தது. பொலிசார் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். 1998 இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கிறிஸ் பற்றன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1999 இல் 175 சிபாரிசுகளைத் தந்தது. அவ்வேளை பொலிசிற் கத்தோலிக்கர் நூற்றுக்கு 8 பேரளவே; சனத்தொகையிலோ நாற்பதுக்கு மேல். 2001 இற் படையின் பெயர் மாறியது, சின்னம் மாறியது. அவற்றினும் பெரிய மாற்றம் ஒன்று: புதிதாக எடுப்பவரில் பாதி கத்தோலிக்கர், பாதி ஏனையோர் என்று சட்டமே செய்தார்கள். 2011 வரை பத்தாண்டுகள் அது நின்றது. நூற்றுக்கு 8 நூற்றுக்கு 30 ஆயிற்று. அச்சட்டம் நீங்கியபின் ஏற்றம் ஏறக்குறைய நின்றுவிட்டது. இது நாம் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி. நல்லெண்ணத்தால் வராதது சட்டத்தால் வந்தது.

ஆயினும் அரசாங்கத்தின் சட்டத்தால் மாத்திரம் அது வந்துவிடவில்லை. ஐரிஷ் மக்களின் பெரிய விளையாட்டுச் சங்கமாகிய கேலிக் தடகளச் சங்கம், பொலிசார் எவரும் தன்னில் உறுப்பினராகக் கூடாதென ஒரு நூற்றாண்டாக விதி வைத்திருந்தது. ஊரிலே பந்தடிக்க முடியாத வேலைக்கு எந்த இளைஞன் போவான்? 2001 இல் அந்த விதியை அச்சங்கமே நீக்கியது. விடுதலை இயக்கத்தின் அரசியற் கட்சியாகிய சின் பெயின், 2007 சனவரியில் மாநாடு கூட்டிப் புதிய பொலிசை ஏற்பதெனத் தீர்மானித்தது. வழி இரத்தமின்றி முடியவில்லை. 2011 ஏப்ரிலில் ஓமா நகரிலே புதிதாய்ச் சேர்ந்த கத்தோலிக்கப் பொலிஸ் இளைஞன் ஒருவன் வாகனத்தில் வைத்த குண்டுக்கு இரையானான். அவனுடைய சவப்பெட்டியைப் பொலிசாரும் அந்த விளையாட்டுச் சங்கத்தாரும் தாங்கிச் சென்றனர். பத்து வருடங்களுக்கு முன் அவன் பந்தடிப்பதையே தடுத்த சங்கம் அது.

அங்கே அரசு தன் கதவைத் திறந்தது. மக்களும் தங்கள் கதவைத் திறந்தனர். இங்கே இரண்டும் பூட்டியே கிடக்கின்றன.

அரசின் பூட்டுக்குச் சாவி எழுத்திலே இருக்கிறது. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணத்துக்கொரு பொலிஸ் பிரிவையும், அப்பிரிவுக்கு ஆளெடுக்க மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் ஏற்படுத்தியது. மாகாணப் பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவர், சனாதிபதியைக் கலந்து அரசாங்க சேவை ஆணைக்குழு நியமிப்பவர் ஒருவர், முதலமைச்சர் நியமிப்பவர் ஒருவர். இதிற் பிரிவினை எங்கே இருக்கிறது? அச்சிடப்பட்ட நாள்முதல் அது அச்சிலேயே கிடக்கிறது. வட மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல கழிந்தும், அதற்குத் தேர்தல்கூட வரவில்லை. பொலிஸ் நிலையங்களில் இருமொழியும் தெரிந்தவர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கவேண்டுமென்று, அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011 இற் சொல்லியது. நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் இவற்றைக் கேட்கும்போது, கூடவே கொன்ஸ்டபிளின் கடமை நேரத்தையும் லீவையும் விடுதியையும் கேட்கவேண்டும் என்பது எமது துணிபு. சிங்களக் கொன்ஸ்டபிளுக்காகத் தமிழ் உறுப்பினர் ஏன் பேசவேண்டுமென்று கேட்பீர்கள். அவனுடைய நித்திரையின்மைக்கு விலை கொடுப்பவர் நாம் ஆதலால் பேசவேண்டும்.

நம்முடைய பூட்டுக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை. பொலிசிற் சேர்ந்த பிள்ளையைக் கோயில் திருவிழாவிலும் சனசமூக நிலையத்திலும் மற்றப் பிள்ளைகளைப்போல நடத்துவதற்கு எந்த ஆணைக்குழுவின் சிபாரிசும் வேண்டுமா?

அதுவரையில் கமக்காரருக்கு உடனே பயன்படுவது ஒன்று. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகள் பேணப்படவேண்டிய மொழி தமிழ். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாட்டைச் சொன்னவனின் மொழியிலேயே எழுதி அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். எழுதத் தெரிந்தவர் நிலையத்தில் இல்லாவிட்டால், முறைப்பாட்டை எழுத்திலே தரும்படி அவனையே கேட்கவேண்டும். அதாவது, நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம்! எங்கள் கமக்காரர் மூன்று நாள் அலைந்திருக்க வேண்டியதில்லை. வாயால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியிருக்கவும் வேண்டியதில்லை. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரிடம் ஒரு தாளில் எழுதுவித்துக்கொண்டு போயிருந்தால் ‘பூட்டை உடைத்து’ என்ற இரண்டு சொற்கள் அங்கே இருந்திருக்கும். விளங்காத எழுத்துக்குக் கையொப்பம் வைக்காதீர்கள், வாசித்து விளக்குமாறு கேளுங்கள், அமைதியாகக் கேளுங்கள். மேசைக்கு அப்பால் இருப்பவன் எத்தனை மணிநேரம் விழித்திருக்கிறானோ நாமறியோம்.

இங்கு வந்திருக்கும் சட்டத்தரணிகள் இருவர், ஞாயிறுதோறும் காலையில் இவ்வாசிகசாலையில் அமர்ந்து முறைப்பாடு எழுத உதவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர்களும் கூட இருப்பார்கள். அடுத்த முறை பொலிஸ் சேவைக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது, உப பரிசோதகர் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்ய விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் அவ்விடத்துக்கே வரலாம். பகலிலேயே வரலாம்.